பூட்டுத் தொங்கினால் போதுமா?

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போகிற தோழர்கள் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கட்டும். வழியிலுள்ள ஊர்களில் எத்தனை கட்டடங்கள் ஆளில்லாமல் நிற்கின்றன? ஓடு சரிந்த பழைய பள்ளிக்கூட அறை, கூரையில் கம்பி பல்லிளிக்கும் தொகுப்பு வீடு, துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போனவர் பூட்டிப் போட்ட வீடு, எந்தக் காலத்திலோ எதற்கோ கட்டி இப்போது எதற்கும் ஆகாத சர்க்கார் கட்டடம். சிலவற்றின் சுவரில் சிவப்புச் சாயத்தில் "அபாயம், உள்ளே வராதீர்" என்று எழுதியிருக்கும். சிலவற்றில் பூட்டுத் தொங்கும். கதவைக் கழற்றிக் கொண்டு போனவன் பூட்டை மட்டும் நிலையிலேயே மரியாதையாக விட்டுப் போன கட்டடங்களும் உண்டு!

எழுதிவிட்டால் வேலை தீர்ந்ததா? பூட்டிவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? அந்த எழுத்தை ஆடு மேய்க்கும் சிறுவன் நின்று படிப்பானா? மழைக்கு ஒதுங்கும் களைக்கூலிப் பெண் படிப்பாளா? இரவு இரண்டு மணிக்குத் தலைசாய்க்க இடம் தேடும் லாரி கிளீனர் படிப்பானா? கேட்கிறோம்!

ஒரு கட்டடம் உதவாது என்று இஞ்சினீயர் எழுதிக் கொடுக்கும் நாள் ஒன்று. அதை இடித்துத் தள்ளும் நாள் இன்னொன்று. இந்த இரண்டு நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடுகின்றன. சில இடங்களில் ஆண்டுகளே ஓடுகின்றன. கோப்பு மேசைக்கு மேசை நகர்கிறது. கட்டடமோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. சாவு வருவது இந்த இடைக்காலத்தில்தான். பலகையும் தகரமும் முட்டுக்கொம்பும் வேலை செய்ய வேண்டிய காலமும் அதுவே. அந்த வேலையை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

பொறையாறு ஞாபகம் இருக்கிறதா, தோழர்களே? 2017 அக்டோபர் 20. அன்றைய நாகை மாவட்டத்துப் பொறையாறு, இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டத்தில் சேர்ந்தது. அங்கே அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்று. அதில் ஊழியர்களின் ஓய்வறை. கடைசி டிரிப் முடித்து, வண்டியை நிறுத்திவிட்டு, விடிந்தால் மறுபடி முதல் டிரிப் எடுக்க வேண்டிய டிரைவர்களும் கண்டக்டரும் அங்கே படுத்திருந்தார்கள். விடியுமுன் கூரை இறங்கியது. எட்டுத் தொழிலாளிகள் தூங்கிய இடத்திலேயே மாண்டார்கள்.

கட்டடம் பழையது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் படுத்தார்கள்? வேறெங்கே போய்ப் படுப்பது? பஸ்ஸுக்குள் கொசு, வெளியே மழைக்காலம். இடிந்த கூரையை நம்பி ஒருவன் படுக்கிறான் என்றால் அவனுக்கு இடியாத கூரையை யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தம். "எச்சரித்தோமே, அவர்கள்தான் கேட்கவில்லை" என்று பேசும் அதிகாரிகள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நான்கு ஆண்டு கழிந்தது. 2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் சாப்டர் மேல்நிலைப்பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பாடம் நடக்கும் கட்டடத்தை நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். கழிப்பறைச் சுவரை யார் பார்க்கிறார்கள்? அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்க உத்தரவு பறந்தது. பழுதான அறைகளை இடிக்கும் வேலை நடந்தது. மூன்று பிள்ளைகளின் உயிர் கொடுத்து வாங்கிய உத்தரவு அது.

அதே மாதம் 27-ஆம் தேதி சென்னை திருவொற்றியூரில் நடந்ததைக் கேளுங்கள். அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவரில் விரிசல் கண்டார்கள் மக்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கவில்லை. வெளியேறினார்கள். 24 வீடுகள் தரைமட்டமாயின. சட்டி பானை போயிற்று, பீரோ போயிற்று, பிள்ளைகளின் புத்தகம் போயிற்று. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அங்கே மக்களைக் காப்பாற்றியது இலாகா அல்ல. கண் திறந்து சுவரைப் பார்த்த குடியிருப்பாளர்கள்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம்.

பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் பூமி எவ்வளவோ உண்டு. கரிசல் விவசாயிக்குத் தாய், கொத்தனாருக்கோ தலைவலி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊறி உப்பும். மேலே நிற்கும் சுவரை ஆண்டுதோறும் தூக்கும், இறக்கும். ஆழமாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டவன் வீடு தப்பும். கான்ட்ராக்டர் மேலாகப் போட்டுக் கைகழுவிய வீட்டில் சன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஏறும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். வெடி வைக்கும்போது சுவர் அதிர்கிறது, விரிசல் விடுகிறது என்று சுற்றுப்புற கிராமத்து மக்கள் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். சுண்ணாம்புக்கல் போகிறது, சிமெண்ட் ஆகிறது, லாரி லாரியாக ஊர் ஊருக்குப் போகிறது. சர்க்காரின் அரியலூர் சிமெண்ட் ஆலை 1979-லிருந்து ஓடுகிறது. தனியார் ஆலைகள் அதைச் சுற்றி வரிசையாக நிற்கின்றன. ஊருக்கெல்லாம் சிமெண்ட் அனுப்பும் மண்ணில், காலனி வீட்டுக் கூரையிலிருந்து சிமெண்ட் கட்டி கட்டியாக உதிர்ந்து கஞ்சித் தட்டில் விழுகிறது. இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்ல!

அந்தக் காலனி வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தாட்கோ 1974-ல் வந்தது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் வந்தது. குடிசையில் கிடந்தவனுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்குக் கீழே போதுமான கனம் கான்கிரீட் இல்லாத இடங்களில் ஈரம் உள்ளே இறங்கிற்று; கம்பி துருப்பிடித்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளேயிருந்தே நெம்பும். கான்கிரீட் பொரி பொரியாகப் பெயரும். மேஸ்திரி வந்து மேலே ஒரு பூச்சுப் பூசி வெள்ளையடித்துவிட்டுப் போவார். புண்ணுக்குப் பவுடர் போட்ட கதைதான் அது. பூச்சுக்குள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிறகு ஒரு மழைக்காலத்தில், பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து இறங்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பலகை அடித்தால் மட்டும் போதாது. முதலில் முட்டுக் கொடுக்க வேண்டும். சென்டரிங் வேலை தெரிந்த தோழர்களுக்கு இது புதிதல்ல. சவுக்குக் கம்பத்தை வெறும் தரையில் ஊன்றினால் தரை அமுங்கும். அதனால் அடியில் அகலப் பலகை ஒன்று, கூரையை ஒட்டி இன்னொன்று, நடுவில் கம்பம், கம்பத்தடியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு. ஆப்பை மெதுவாகத் தட்டி இறுக்கினால் போதும். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் கூரையையே தூக்கிவிடும், இருக்கிற விரிசலும் பெரிதாகும். வாசல் பக்கம் முதல் முட்டு; அதன் பாதுகாப்பில் நின்று அடுத்தது; இப்படியே உள்ளே போக வேண்டும். நடுக்கூடத்துக்குத் துணிச்சலாக ஓடிப்போய் நின்று ஆரம்பிப்பவன் வீரனல்ல, விவரமில்லாதவன். கம்பங்களைக் குறுக்கே கட்டிப் பிணைக்க மறக்கக்கூடாது. முட்டுக் கொடுத்துவிட்டதால் வீடு குடியிருக்கத் தகுந்ததாகிவிடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். சாமானை எடுத்துக்கொண்டு வெளியே வரவும், இஞ்சினீயர் வந்து பார்க்கவும், பழுது பார்ப்பதா இடிப்பதா என்று தீர்மானிக்கவும் அவகாசம் கிடைக்கும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூட அறையின் கதை வேறு. அங்கே குடியிருப்பவர் யாருமில்லை. ஆனால் பக்கத்து அறையில் நூறு பிள்ளைகள். மணி அடித்தால் பந்து எங்கே உருளும் என்று யாருக்குத் தெரியும்? பூட்டுப் போட்ட அறையின் உள்ளே பிள்ளை போகாமல் இருக்கலாம். அதன் சுவர் நிழலில் உட்காராமல் இருக்குமா? சுவர் விழுந்தால் அதன் உயரத்துக்கு மேலும் சிதறும். ஆகவே பத்தடிச் சுவர் என்றால் பதினைந்தடி தள்ளி வேலி வேண்டும். கயிறு கட்டுவது வேலியல்ல. பிள்ளைகள் அதைத் தாண்டி விளையாடக் கற்றுக்கொள்ளும். கம்பம் ஊன்றித் தகரம் அடிக்க வேண்டும். ஓடுகளைக் கையால் இறக்க முடிந்தால் முன்னதாக இறக்கிவிட வேண்டும். காற்று மழையில் முதலில் பறப்பது ஓடுதான்.

வெளிநாடு போனவர் வீட்டில் ஆபத்து வேறு மாதிரி. சுவர் திடமாக இருக்கும், ஆள்தான் இல்லை. ஆளில்லாத வீட்டுக்கு முதலில் வருபவன் சன்னல் கம்பிக்கு வருவான். அடுத்தவன் ஒயருக்கும் குழாய்க்கும் வருவான். மூன்றாவதாக பாட்டிலோடு நாலு பேர் வருவார்கள். கடைசியில் வருவது நெருப்போ பாம்போ! இந்த வீட்டுக்குப் பலகை அடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வெளியிலிருந்து ஆணி அடித்தால் வெளியிலிருந்தே கடப்பாரையால் நெம்பி எடுத்துவிடலாம். சன்னலுக்கு வெளியே கனமான பிளைவுட் பலகை, உள்ளே சுவருக்குச் சுவர் எட்டும் குறுக்குக் கட்டை, இரண்டையும் துளைத்துப் போகும் நீளமான போல்ட், உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே. இப்படிச் செய்தால் ஸ்பானர் கொண்டுவந்தவனும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நிலைக்கும் சேதமில்லை, ஊர் திரும்பும் குடும்பம் கழற்றிவிட்டுக் குடியேறலாம். ஆனால் எல்லாச் சன்னலையும் மூச்சு முட்ட அடைத்துவிடக் கூடாது. பலகையின் மேல்பாகத்தில் நாலைந்து துளை வேண்டும். காற்றில்லாத வீட்டில் ஈரம் ஊறும், கரையான் ஏறும். அடைத்துக் காப்பாற்றப் போய் அடைத்தே கொன்ற வீடுகளும் உண்டு.

எந்தக் கட்டடமானாலும் சரி, முதல் பலகை அடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. மின்வாரிய ஆளைக் கூப்பிட்டுக் கம்பத்திலேயே லயனைத் துண்டிப்பது ஒன்று. ஒவ்வொரு அறையாக, பரண் உட்படப் பார்த்து, உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்வது இன்னொன்று. போக்கிடமில்லாத கிழவனோ கிழவியோ பாழடைந்த வீட்டு மூலையில் முடங்கிக் கிடப்பது இந்த நாட்டில் அதிசயமா என்ன?

ஆளில்லாக் கட்டடம் என்ன ஆகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் ஒரு பேரரசின் தலைநகரம். மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவை அரண்மனையின் செங்கல் அடித்தளங்கள்தான். மேலே நின்றவை மண்ணோடு போயின. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக் கொண்டு போனார்கள். அணை உழவனுக்கு உதவிற்று. அதைக் குறை சொல்லவில்லை. காவலற்ற கட்டடத்தில் கை வைக்கப் பாழும் திருடன்தான் வருவான் என்றில்லை, கும்பினி சர்க்காரே வந்தது என்பதைக் கவனியுங்கள்!

ஜமீன்களின் அரண்மனைக் கதையும் அதேதான். 1948-ல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தாரி ஒழிந்ததற்கு நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஆனால் உடையார்பாளையத்து அரண்மனை சிதைந்து நிற்பதைப் பார்க்கும்போது ஒன்று தோன்றத்தான் செய்கிறது. அந்தச் சுண்ணாம்பை அரைத்தவனும் அந்தத் தூணைச் செதுக்கியவனும் ஜமீன்தார் அல்லவே! நம் பாட்டன் கைவேலை அது. அதில் ஆணி அடிக்காமல், மரத்தைக் கீறாமல், மழை உள்ளே இறங்காமல் மூடி வைப்பது, பழைய தச்சுவேலை தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய காரியம்.

நெருப்பில் வெந்த கட்டடத்தை மட்டும் இவற்றோடு சேர்க்காதீர்கள். 2023 அக்டோபர் 9-இல் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். அத்தகைய இடத்தில் உள்ளே மருந்து இன்னும் மிச்சமிருக்கலாம். வெந்த கான்கிரீட் வெளிப்பார்வைக்குத் திடமாக நின்று தொட்டால் நொறுங்கலாம். அங்கே கட்சித் தொண்டன் கையில் பலகையோடு போகக் கூடாது. தூரத்தில் நின்று கூட்டத்தைத் தடுப்பதும், தீயணைப்புப் படையும் இஞ்சினீயரும் சொல்லும் வரை ஒருவரையும் அணுகவிடாமல் காவல் நிற்பதும்தான் அவன் வேலை. வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தவர்களின் கணக்கை யாரும் தனியாக எழுதுவதில்லை.

கடல் கடந்து ஒரு செய்தி சொல்கிறோம். அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். மோட்டார் தொழிலாளர்களின் ஊர். 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை. முதலாளிகள் ஆலையை வேறிடம் கொண்டு போனார்கள், வேலை போயிற்று, ஜனங்கள் போனார்கள். 2020-ல் எஞ்சியவர்கள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம் பேர். காலி வீடுகள் ஆயிரக்கணக்கில். 1988-ல் ஜான் ஜார்ஜ் என்ற குடியிருப்பாளர் தம் வீட்டுக்குப் பின்னால் போதைப்பொருள் கும்பலின் கூடாரமாகியிருந்த காலி வீடு ஒன்றைப் பொறுக்க முடியாமல், பலகையும் ஆணியும் வாங்கி வந்து அடைத்தார். அண்டை அயலார் சேர்ந்தார்கள். அதுவே ஓர் அமைப்பாக வளர்ந்தது. 2020-ல் அந்த நகர மக்கள் ஓட்டுப் போட்டு 25 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதம் கொடுத்தார்கள்: கெட்டுப் போன 8,000 வீடுகளை இடிக்க, தேறக்கூடிய 8,000 வீடுகளைக் காப்பாற்ற. பணக்கார நாட்டிலும் பலகை அடிக்க முதலில் வந்தவன் அடுத்த வீட்டுக்காரன்தான். சர்க்கார் பின்னால்தான் வந்தது.

இங்கே மட்டும் சட்டம் இல்லையா? சட்டத்துக்கா பஞ்சம்! 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும், ஆபத்தான கட்டடத்தைச் சுற்றி அடைக்கவோ, இறக்கவோ, உறுதிப்படுத்தவோ, பழுது பார்க்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. நகரங்களுக்கு 2023-ல் புதிய உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்கு 1994-ன் ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் அடைப்பு என்ற சொல் இடிப்பு என்ற சொல்லோடு ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது. நடைமுறையிலோ நோட்டீஸ் ஒட்டுவதோடு எல்லாம் சரி. உரிமையாளர் சர்க்காரே என்றால் நோட்டீஸ்கூட இல்லை. தனக்குத் தானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள எந்த இலாகாவுக்கு மனம் வரும்?

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் நாம் ஏழையின் கட்சி பேசியவர்கள் ஆகமாட்டோம். பலகையைப் போலீஸ் கையில் கொடுத்தால் அதுவே வெளியேற்றும் ஆயுதமாகிவிடும். "ஆபத்தான வீடு, உடனே காலி செய்" என்று சொல்லி, சாமானைத் தெருவில் எடுத்து வைத்து, கதவில் பலகை அடித்துவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் அன்றிரவு எங்கே படுக்கும்? இன்னொரு இடிந்த கட்டடத்தில்தான்! பொறையாற்றில் அந்த எட்டுப் பேரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் இதே கஷ்டம்தான். ஆகவே மாற்று இடம் முதலில், பலகை பிறகு. சமுதாயக் கூடம் இருக்கிறது. பள்ளி விடுமுறை என்றால் நல்ல கட்டடத்து வகுப்பறை இருக்கிறது. தனியார் வீட்டில் வாடகைக்கு வைக்க சர்க்காரிடம் பணம் கேட்க உரிமை இருக்கிறது. 2024-ல், 2001-க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. அந்தப் பட்டியலில் உங்கள் காலனி வீடுகள் ஏறினவா, ஏறாவிட்டால் ஏன் ஏறவில்லை என்று ஒன்றிய ஆபீசில் போய்க் கேளுங்கள். வெள்ளையடித்த சுவரைக் காட்டி "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொன்னால், கூரையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வேலை யாருக்கு என்பதிலும் நமக்கு அக்கறை உண்டு. முட்டுக் கொடுப்பதும் பலகை அடைப்பதும் தச்சர், கொத்தனார், சென்டரிங் தொழிலாளி செய்யும் கைவேலை. இதை சிரமதானம் என்று சொல்லித் தொண்டர் தலையில் இலவசமாகக் கட்டப் பார்ப்பார்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது வேலியை நாமே போடுவோம். கூலி கேட்டு நிற்கமாட்டோம். ஆனால் மாதக்கணக்கில் நிற்கப் போகும் அடைப்புக்கு மதிப்பீடு போட்டு, தொழில் தெரிந்தவனைக் கூப்பிட்டு, கூலி கொடுத்துச் செய்ய வேண்டியது ஊராட்சியின் கடமை. கட்டடம் இடிபட்ட பிறகு பலகையும் கம்பமும் தகரமும் திரும்பக் கிடைக்கும். கணக்கில் எழுதி ஊராட்சிக் கிடங்கில் போட்டால் அடுத்த கட்டடத்துக்கு ஆகும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் அக்டோபர் 2-ஐ மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். அதற்கு முந்தின வாரம் இரண்டு பேர் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் போகாமல் தள்ளி நின்று அளவு குறியுங்கள், படம் எடுங்கள். சபையில் "பழுதான கட்டடங்கள் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள். அந்த வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கட்டடம், எத்தனை வாசல், எத்தனை சன்னல், சுவர் எத்தனை அடி, வேலி எத்தனை அடி தள்ளி, உள்ளே இருக்கும் குடும்பத்துக்கு மாற்று இடம் எது, அடைக்கும் தேதி என்ன, இடிக்கும் தேதி என்ன, சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு பேனாவை வாங்குங்கள்.